ராஜாவின் கையெழுத்து

1811, பிப்ரவரி மாதம். இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அவசரமாக ஒரு சம்மதம் தேவைப்பட்டது.

விஷயம் இதுதான். ராஜா மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அவருக்கு பதிலாக மூத்த மகன், வேல்ஸ் இளவரசர், ஆட்சியை நடத்தலாம் என்று ஒரு மசோதா தயார். இரண்டு சபைகளிலும் நிறைவேறியாகிவிட்டது. ஆனால், ராஜா ஒப்புதல் கொடுத்தால்தான் எந்த மசோதாவும் சட்டமாகும். அதாவது, 'எனக்குப் புத்தி சரியில்லை, என் அதிகாரத்தை மகனிடம் கொடுத்துவிடுங்கள்' என்று புத்தி சரியில்லாத அந்த ராஜாவே தெளிவாக யோசித்துச் சொல்லவேண்டும்.

எப்படி இருக்கிறது கதை?

சிரிக்காதீர்கள். இதே சிக்கல் உங்கள் வீட்டுக்கும் வரலாம். என் வீட்டுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ராஜாவுக்கு இது புது வியாதியில்லை. 1788லேயே ஒரு முறை வந்தது. மணிக்கணக்கில் நிறுத்தாமல் பேசினார். தூக்கம் போச்சு. வைத்தியர்கள் கட்டிப்போட்டார்கள். அரண்மனைக்கு வெளியே உடனே பங்காளிச் சண்டை ஆரம்பம். இளவரசர் மகா செலவாளி. அதற்கு முந்தைய வருஷம்தான் அவருடைய கடனை அடைக்க நாடாளுமன்றம் 1,61,000 பவுண்ட் அழுதிருந்தது. அவர் கையில் மொத்த அதிகாரத்தையும் தூக்கிக் கொடுக்கப் பிரதமர் பிட்டுக்கு மனசு வரவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஃபாக்ஸோ, 'பிள்ளைக்கு உரிமை உண்டு, நாடாளுமன்றம் யார் கேட்பதற்கு?' என்ற ரீதியில் பேசினார். வாழ்நாள் முழுக்க ராஜாக்களின் அதிகாரத்தைக் குறைக்கவேண்டும் என்று கத்திய மனிதர்! இளவரசர் வந்தால் தனக்குப் பதவி கிடைக்கும் என்றதும் கொள்கை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது.

பிட் ஒரு மசோதா கொண்டுவந்தார். இளவரசர் ஆளலாம். ஆனால், ராஜாவின் சொத்தில் கை வைக்கக்கூடாது. ராஜாவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு மகனிடம் இல்லை, ராணியிடம். கவனியுங்கள், ஆளைப் பார்த்துக்கொள்வது ஒருவர், அதிகாரத்தைப் பார்த்துக்கொள்வது இன்னொருவர். கெட்டிக்கார ஏற்பாடு.

மசோதா பிரபுக்கள் சபையில் இருக்கும்போதே, 1789 பிப்ரவரியில், ராஜாவுக்கு குணமாகிவிட்டது. நாடே கொண்டாடியது. மசோதா பரணுக்குப் போனது.

அங்கேதான் தப்பு. ராஜா தெளிவாக இருந்தார். 'ஐயா, இன்னொரு முறை வந்தால் என்ன செய்யலாம்?' என்று அவரையே கேட்டு, அவர் கையாலேயே ஒரு ஏற்பாட்டை முடித்திருக்கலாம். யார் கேட்பது? நல்லாயிருக்கிற மனுஷனிடம் போய் அந்தப் பேச்சையா எடுப்பார்கள்? 1801ல் மறுபடி வந்தது. 1804ல் மறுபடியும். ஒவ்வொரு முறையும் தேறினார். ஒவ்வொரு முறையும் எல்லோரும் பெருமூச்சு விட்டு மறந்தார்கள். 1810ல் செல்ல மகள் அமீலியா இறந்த சமயம் வந்ததுதான் கடைசி. திரும்பவே இல்லை.

சம்மதத்துக்கு என்ன செய்தார்கள்? ராஜாவின் பெரிய முத்திரையை எடுத்து, ராஜாவின் பேரால், நாடாளுமன்றமே குத்திக்கொண்டது. அவ்வளவுதான். பச்சையாகச் சொன்னால் பொய்ச் சம்மதம். வேறு வழியில்லை. கண் பார்வையும் போய், கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல், 1820ல் வின்ட்ஸர் கோட்டையில் ராஜா காலமானார்.

நாடாளுமன்றத்திடம் முத்திரை இருந்தது. உங்களிடமும் என்னிடமும் என்ன இருக்கிறது?

நம்மிடம் 'பவர்' இருக்கிறது என்று நினைக்கிறோம். பவர் ஆஃப் அட்டர்னி. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பாவுக்கு மறதி லேசாக ஆரம்பித்தபோதே, கூட்டிப் போய், பவர் பத்திரம் எழுதிப் பதிவும் செய்தாயிற்று. மகா சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு. இரண்டு வருஷம் கழித்து, அப்பாவுக்கு என் பேரே சந்தேகமாகிவிட்ட சமயம், அவருடைய டெபாசிட்டை முடித்து, ஹோம் நர்சுக்குப் பணம் எடுக்கலாம் என்று பத்திரத்தோடு பாங்குக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர். "அப்பா எப்படி இருக்கார் சார்?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோபமாக வக்கீல் நண்பருக்கு போன் போட்டேன். "நீ பி.காம்.தானேடா படிச்சே? செக்ஷன் 201 மறந்துட்டியா?" என்றார்.

மறந்தேதான் போயிருந்தது. மெர்க்கன்டைல் லா பேப்பருக்காக உருப்போட்டு எழுதி, பாஸும் செய்த சங்கதி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. ஏஜென்சி எப்போதெல்லாம் முடிந்துபோகும் என்று 201-வது பிரிவு சொல்கிறது. முதலாளி அதிகாரத்தை ரத்து செய்தால் முடியும். ஏஜெண்ட் விலகினால் முடியும். இருவரில் ஒருவர் செத்தால் முடியும். அல்லது, சித்த சுவாதீனம் இழந்தால்.

பவர் வாங்கியவனும் ஏஜெண்ட்தான். ஆக, எந்த நாளுக்காக அப்பாவிடம் பவர் வாங்கி வைத்தேனோ, அந்த நாள் வந்ததும் பவர் காலி. மழை பெய்ததும் கரைந்துபோகிற குடை!

சட்டத்துக்கு இதில் ஒரு லாஜிக் உண்டு. ஏஜெண்ட் என்பவன் நிழல். ஆளால் முடியாததை நிழல் எப்படிச் செய்யும்? இங்கிலாந்திலும் இதே சட்டம்தான். 1879ல் அங்கே ஒரு வேடிக்கையான வழக்கு வந்தது. நன் என்பவர் தன் பேரில் சாமான் வாங்க மனைவிக்கு அதிகாரம் கொடுத்திருந்தார். பிறகு மனநோய் வந்து விடுதியில் சேர்க்கப்பட்டார். அது தெரியாத கடைக்காரர் டுரூ, அந்த அம்மாளுக்குக் கடனில் பூட்ஸும் ஷூக்களும் கொடுத்தார். நன் குணமாகி வந்தார். பில்லைப் பார்த்தார். 'நான் பைத்தியமாக இருந்தபோது வாங்கியதற்கு நான் பொறுப்பில்லை' என்றார். மனைவியின் அதிகாரம் அவருக்குப் புத்தி பேதலித்த அன்றே செத்துவிட்டது என்று நீதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும், விஷயமே தெரியாத கடைக்காரரை ஏமாற்ற முடியாது, பணத்தைக் கொடு என்று தீர்ப்பு.

எனக்கு இந்த வழக்கில் பிடித்தது பூட்ஸ் இல்லை, நன் திரும்பி வந்ததுதான். அந்தக் காலத்துச் சட்டம் மனசில் வைத்திருந்த நோயாளி அப்படிப்பட்டவர். திடீரென்று போவார், ஒருநாள் வருவார். வருஷக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பவே முடியாதபடி கரைகிற நோயை அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் மருத்துவ உலகத்துக்கு விவரித்ததே 1906ல்தான். நம் 201-வது பிரிவுக்கு அப்போது 34 வயது.

மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் முதலில் வர்ஜீனியா மாநிலம், 1950களில். 'எனக்குப் புத்தி தடுமாறினாலும் இந்த பவர் செல்லும்' என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிக்கொடுத்தால் செல்லும் என்றது. இங்கிலாந்து 1985ல் சட்டம் போட்டது. 2005ல் அதையும் மாற்றி, பணத்துக்குத் தனி பத்திரம், உடம்பைக் கவனிக்கத் தனி பத்திரம் என்று இரண்டாக்கியது. பிட்டின் பழைய யோசனை! பிள்ளைகள் ஏமாற்றினால்? அதற்கும் கண்காணிப்பு அலுவலகம் வைத்தார்கள். சிங்கப்பூரில் 2010 முதல் இதே மாதிரி ஏற்பாடு. ராஜா குடும்பத்துக்கே நிரந்தர வழி பிறந்தது 1937ல் என்பது தனி காமெடி.

நாம்? 201 அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, இருந்த ஒரு கதவும் மூடிக்கொண்டது. 1858 முதலே, சித்த சுவாதீனம் இல்லாதவரின் சொத்தைப் பார்க்க ஜில்லா கோர்ட்டில் மனுப்போட்டு மேனேஜர் நியமிக்கும் வழி இருந்தது. 1912 சட்டத்திலும் இருந்தது, 1987 சட்டத்திலும் இருந்தது. 2017ல் வந்த புது மனநலச் சட்டம் நோயாளியின் உரிமைகளைப் பற்றி அருமையாகப் பேசுகிறது. மனநல சிகிச்சையில் உங்களுக்காகப் பேச ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம் என்கிறது. ஆனால், சொத்து பற்றிய அத்தியாயம் அதில் இல்லை. அதனால் குடும்பங்கள் ரிட் மனுவோடு ஹைகோர்ட் படியேறுகின்றன. 2024ல், கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க அனுமதி கேட்டு ஒரு பெண்மணி சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தார். தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார். அப்பீலில் இரண்டு நீதிபதிகள் அவரைக் கார்டியனாக நியமித்து, விற்க அனுமதித்தார்கள். 50 லட்சத்தைக் கணவர் பேரில் டெபாசிட்டில் போடவேண்டும் என்று நிபந்தனை. கோர்ட்டின் பெரிய முத்திரை!

சரி, முன்னாலேயே என்ன செய்யலாம்? வீடும் பணமும் கணிசமாக இருந்தால், டிரஸ்ட். 1882ம் வருஷத்து டிரஸ்ட் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. டிரஸ்டி ஏஜெண்ட் இல்லை, சொத்தே அவர் பேருக்கு மாறிவிடுகிறது. ஆகவே 201 அவரைத் தொடாது. முத்திரைத்தாள் செலவு உண்டு, ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாமினேஷனை நம்பி உட்காராதீர்கள், அது செத்த பிறகுதான் பேசும். வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதுவதானால், கடைசிவரை பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கைவிட்டால், 2007ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் அதை ரத்து செய்ய முடியும். நிபந்தனையே எழுதாவிட்டால் கோர்ட்டில் மல்லுக்கட்டவேண்டி வரும். உயில் எழுதும் அன்று ஒரு டாக்டர் சர்டிபிகேட் சேர்த்து வையுங்கள். மறதி ஆரம்பித்தாலே எல்லாம் போச்சு என்றில்லை. தெளிவாக இருக்கும் நேரத்தில் செய்த ஒப்பந்தம் செல்லும் என்று அதே 1872 சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. அந்த நேரம் நிறையப் பேருக்கு மாதங்கள் இல்லை, வருஷங்கள் கூடக் கிடைக்கிறது.

எங்களுக்கும் இரண்டு வருஷம் கிடைத்தது. நான் அதை ஒரு பவர் பத்திரத்தில் செலவழித்துவிட்டேன். அப்பாவின் டெபாசிட் அவர் பேரிலேயே தானாகப் புதுப்பித்துக்கொண்டு கிடக்கிறது. நர்ஸ் சம்பளம் என் சேமிப்பிலிருந்து போகிறது.

போன மாதம் இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு 74. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா கதையை விடு. என்னை எப்போ ரிஜிஸ்டர் ஆபீஸ் கூட்டிட்டுப் போகப்போறே?" என்றாள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், புதன்கிழமை போகலாம் என்று அவளே நாளும் குறித்தாள்.