அக்கினி வசந்த விழாவில் பாரதப் பிரசங்கம்: செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைக்காலத்தில் நிகழும் பாரத விழா, பெரிதும் கூத்து ஆய்வுகளின் வழியாகவே அறியப்பட்டுள்ளது. பிற்பகலில் நிகழும் பாரதப் பிரசங்கம் கூத்துக்கு முன்னுரையாக மட்டும் கருதப்பட்டு வந்திருக்கிறது. விழாவின் நாள் அளவையும் கதை வரிசையையும் தாங்கி நிற்பது பிரசங்கமே என்பதும், இன்று கூத்தைக் காட்டிலும் விரைவாகச் சுருங்கி வருவதும் அதுவே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: திரௌபதி வழிபாடு, பாரதப் பிரசங்கம், கட்டைக்கூத்து, வில்லிபாரதம், படுகளம், மாமல்லபுரம்

அழைப்பிதழ் காட்டும் வேறுபாடு

பங்குனி பிறந்ததும் செங்கல்பட்டு, மதுராந்தகம், செய்யூர் வட்டங்களின் ஊர்ச் சுவர்களில் 'மகாபாரத அக்கினி வசந்த விழா' என்னும் தலைப்பிட்ட சுவரொட்டிகள் தோன்றத் தொடங்குகின்றன. ஆடி வரையில் ஊர் மாறி ஊராக இவ்விழா நடைபெறும். அக்கினி என்பது தீமிதியையும், வசந்தம் என்பது பருவத்தையும் குறிக்கும். வீடுதோறும் வழங்கப்படும் அழைப்பிதழில் ஒரே நாளுக்கு இரு நிகழ்ச்சிகள் அச்சிடப்பட்டிருக்கும்: பிற்பகலில் மகாபாரதச் சொற்பொழிவு, இரவில் நாடகம். கூத்து என்று ஆய்வாளர் வழங்குவதை ஊரார் நாடகம் என்றே அச்சிடுகின்றனர். கொடியேற்றத்தை ஒட்டித் தொடங்கும் சொற்பொழிவு நாள்தோறும் தொடர, நாடகமோ பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே தொடங்குகிறது. சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டிலிருந்தே இவ்விழாவை அணுக வேண்டும் என்று கருதுகிறேன்.

இதுவரை நிகழ்ந்த ஆய்வுகள் வேறு வழியில் அணுகியுள்ளன. ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் நூல் (1990) தெருக்கூத்தை மகாபாரத அரங்காகக் கண்டது. ஹன்னே டி புரூனின் நூல் (1999) கட்டைக்கூத்து என்னும் பெயரை வலியுறுத்திக் கலைஞர்களின் தொழில் வாழ்வை ஆராய்ந்தது. ஆல்ஃப் ஹில்டபைட்டலின் இரு தொகுதிகள் (1988, 1991) செஞ்சியை மையமாகக் கொண்ட திரௌபதி வழிபாட்டைத் தொன்மம், சடங்கு என்னும் இரு நிலைகளிலும் விரிவாக விளக்கின. பாரதம் சொல்வோருக்கு ஓரளவேனும் உரிய இடம் கிடைத்தது அவருடைய நூலில்தான். தமிழகத்திலோ, 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையை ஒட்டி, கூத்து நவீன நாடகத்தின் வேர் என்ற நிலையைப் பெற்றது. புரிசைக் கூத்து நகர அரங்குகளுக்கு வந்தது. 1990இல் காஞ்சிபுரத்தை ஒட்டிக் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. இவை யாவும் கூத்துக்கு நேர்ந்த நன்மைகள். ஆனால் விழாவிலிருந்து கூத்தை மட்டும் பெயர்த்தெடுத்து மேடையேற்றியபோது அதே பந்தலில் பிற்பகல் முழுவதும் பேசிய மனிதர் ஊரிலேயே விடப்பட்டார். அவரை மேடையேற்ற எந்த நாடக இயக்கத்துக்கும் தேவை இருக்கவில்லை.

கோடையும் களமும்

இவ்விழா ஏன் கோடையில் நிகழ்கிறது? அம்மனின் வெம்மை, நெருப்பு, பருவத்தின் வெயில் என்ற குறியீட்டு விளக்கங்கள் பொருத்தமானவையே. எனினும் ஏரிப் பாசனத்தை நம்பிய இந்நிலப்பகுதியில் எளிய காரணம் ஒன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழையால் நிரம்பும் ஏரிகளின் நீரில் சம்பாவும், அதையடுத்து நவரையும் விளைகின்றன. நவரை அறுவடை முடியும்போது ஏரி வற்றத் தொடங்கியிருக்கும். சொர்ணவாரிக்கு நீர் போதாத ஊர்களில் அடுத்த மழை வரை வயல் தரிசாகக் கிடக்கும். நெல்லும் கையில் இருக்கும், பொழுதும் இருக்கும், வெற்று நிலமும் இருக்கும்.

வெற்று நிலம் இவ்விழாவுக்கு இன்றியமையாதது. பதினெட்டாம் போர் நாளன்று துரியோதனனின் பேருருவம் மல்லாந்து கிடக்கும் நிலையில் களிமண்ணால் தரையில் அமைக்கப்படும். பல அடி நீளமுள்ள அவ்வுருவத்துக்குக் களிமண்ணும், சுற்றி ஊரே நிற்க இடமும், மழை வராத வானமும் தேவை. இரவு முழுவதும் களரியில் ஆடிய வீமனும் துரியோதனனும் விடிந்தபின் ஆட்டத்தைப் படுகளத்துக்குக் கொண்டு வருவர். தொடை பிளக்கப்பட்டு, திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். மாலையில் தீமிதி. அதன்பின் தருமர் பட்டாபிடேகத்தோடு விழா நிறைவுறும். ஐப்பசி மழையில் இதனை நடத்த முடியாது. ஊர்கள் தத்தம் ஏரியின் நிலைக்கேற்ப நாள் குறிப்பதால் விழாக்கள் ஒரே வாரத்தில் குவியாமல் பரவிக் கிடக்கின்றன. கூத்துக் குழுவும் பிரசங்கியும் ஒரே பருவத்தில் பல ஊர்களுக்குச் செல்ல முடிவது இதனால்தான்.

பிரசங்கியும் கூத்தரும்

பிரசங்கி நம்பியிருப்பது முதன்மையாக வில்லிபுத்தூராரின் பாரதத்தை. உடன் இருப்பவர் விருத்தத்தைப் பாட, பிரசங்கி அதைச் சொல் பிரித்துப் பொருள் சொல்லிக் கதையை நடத்துகிறார். வில்லி விட்ட இடங்களை ஏறத்தாழ 14,000 பாடல்கள் கொண்ட நல்லாப்பிள்ளை பாரதத்திலிருந்தும், செவிவழிக் கதைகளிலிருந்தும் நிரப்பிக்கொள்கிறார். இங்கே கவனிக்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. வில்லிபாரதம் பதினெட்டுப் பருவங்களையும் பாடவில்லை. பத்துப் பருவங்களில், 4,351 பாடல்களில், சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுகிறது. பீட்டுமர் அம்புப்படுக்கையில் உரைக்கும் நீண்ட அறவுரைகளும் பாண்டவரின் இறுதிப் பயணமும் அதில் இல்லை. விழாவும் போர் முடிந்து, முடிசூட்டி, அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த நூலின் வடிவமே விழாவின் வடிவமாயிற்றா, போரோடு முடியும் பாரதமே தமிழ் மரபின் பொது விருப்பமாக இருந்து இரண்டையும் உருவாக்கிற்றா என்பதைத் தனியே ஆராய வேண்டும். இரண்டாவதே பொருத்தம் என்பது என் எண்ணம். அரவான் களபலி, வில்லிக்கு முன்பே, மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் இடம்பெற்றிருப்பது இதற்குத் துணைநிற்கும்.

கூத்து கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வதில்லை. ஏற்கனவே கதை தெரிந்த கூட்டத்தின் முன் அது ஒரு நெருக்கடியை எடுத்து விரிக்கிறது. கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்வோம். பதினேழாம் நாள் போர் எவ்வாறு அந்நிலைக்கு வந்தது, சல்லியன் ஏன் தேரோட்டினான், குந்தி கேட்ட வரங்கள் எவை என்பனவற்றைப் பிற்பகலிலேயே கூட்டம் கேட்டிருக்கும். ஆகவே இரவில் கூத்தர் நெடுநேரத்தைக் கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் இடையிலான பூசலில் செலவிட முடிகிறது. குலம் தெரியாதவன் என்று கணவனை இகழும் பொன்னுருவி வில்லியில் இல்லாதவள். முகவீணையும் மிருதங்கமும் ஓங்கும் அக்காட்சியில் நின்று பேசப்படுவது பாண்டவர் கதையன்று, சாதியும் திருமணமும். பிரசங்கம் கதையைச் சுமப்பதால்தான் கூத்துக்குக் கதையைவிட்டு விலகும் உரிமை கிடைக்கிறது. பிரசங்கம் இல்லாத மேடையில், நகர அரங்கில் ஒன்றரை மணி நேரமாகக் குறுக்கப்பட்ட கர்ண மோட்சத்தில், முதலில் வெட்டுப்படும் காட்சிகளுள் இத்தகையவையே அடங்கும். அங்கே கூத்தே கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சடங்கோடும் பிரசங்கம் இணைந்தது. பகாசுரன் கதை சொல்லப்படும் நாளில் வீமனின் சோற்று வண்டி தெருவில் வரும். திரௌபதி திருமணத்தன்று கோயிலில் தாலி கட்டப்பட்டு, ஊரார் மொய் எழுதுவர். இந்நிகழ்வுகளுக்குக் கதையின் இடம் எது என்பதைச் சொல்லி, நேற்றையதோடும் நாளையதோடும் அவற்றைத் தொடுப்பவர் பிரசங்கி. இதை முன்னுரை என்பது பொருந்தாது.

கற்களுக்கு இட்ட பெயர்

இவ்வட்டாரத்தில் பாரதம் வாசிக்கும் வழக்கத்துக்குப் பழைய சான்றுண்டு. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு (7ஆம் நூற்றாண்டு) பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை 25 பங்குகளாக்கி, கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கை ஒதுக்குகிறது. இதிலிருந்து இன்றைய பிரசங்கம் வரை அறுபடாத கோடு ஒன்றை வரைவது பிழை. அது அரசன் கொடையில், சதுர்வேதிகள் வாழ்ந்த ஊரில் நிகழ்ந்த வாசிப்பு. இன்றைய பிரசங்கம் வேளாண் குடிகளின் கோயிலில், வரி வசூலித்து நடத்தப்படுவது. எனினும் பாரதம் கேட்பதற்கென்று நிலத்தின் விளைவில் ஒரு பங்கை ஒதுக்கும் ஏற்பாடு இரண்டிலும் உள்ளது.

அதே பல்லவர் மாமல்லபுரத்தில் குடைவித்த கோயில்களுக்குப் பாரதப் பெயர் எதையும் இடவில்லை. இன்று தருமராசர் ரதம் எனப்படுவதன் மீதுள்ள கல்வெட்டு அதனை அத்யந்தகாம பல்லவேசுவரம் என்றே குறிக்கிறது. திரௌபதி ரதத்தின் உள்ளே இருப்பவள் கொற்றவை. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்து வழக்கு. கார் 1869இல் தொகுத்து வெளியிட்ட பழைய குறிப்புகளிலும் இப்பெயர்களில் பல காணப்படுகின்றன. திரௌபதி குளியல், தருமராசர் சிம்மாசனம் என்று பாறைக்குப் பாறை பெயரிட்டவர்கள் யார்? வழிகாட்டிகளின் கற்பனை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்நிலப்பகுதியில் ஆண்டுதோறும் ஊர்த்தெரு அஸ்தினாபுரமாகவும் வயல் குருக்ஷேத்திரமாகவும் மாறுவதைக் கண்டு வளர்ந்த மக்களுக்கு, இடத்தைப் பாரதமாகக் காண்பது இயல்பான பழக்கம்.

அர்ச்சுனன் தபசு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்பெரும் புடைப்புச் சிற்பம் கங்கை இறங்குவதையே காட்டுகிறது என்று 1914இல் கோலூபியூ வாதிட்டார். சிற்பி கருதியது எது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஊரார் இட்ட பெயருக்கோ வேறு தோற்றுவாய் இருக்கலாம். பாரத விழாவில் அர்ச்சுனன் தபசுக்கு உயர்ந்த மரம் நடப்படும். வேடம் புனைந்த கூத்தர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் அடியில் காத்திருந்து, மேலிருந்து எறியப்படும் எலுமிச்சையையும் பூவையும் முந்தானையில் ஏந்துவர். இதைக் கண்டவர் கண்ணுக்கு, கை உயர்த்தி ஒற்றைக் காலில் நிற்கும் மெலிந்த தவசியும் எதிரே வரமளிக்கும் சிவனும் வேறு யாராகத் தோன்றியிருப்பர்? சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா மார்கழி, தை மாதங்களில் இச்சிற்பத்தைப் பின்திரையாகக் கொண்டு நடந்த ஆண்டுகள் உண்டு. கோடையில் சில கல் தொலைவுக்குள் உள்ள ஊர்களில் நடும் தபசு மரத்தைப் பற்றி அவ்விழாவுக்கு வந்தவர்களுக்கு எவரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

சுருங்கும் பிற்பகல்

பருவமும் கூத்தும் இல்லாமலும் பாரத விழா நிலைக்கக்கூடும் என்பதைச் சிங்கப்பூர் காட்டுகிறது. அங்கே மாரியம்மன் கோயில் தீமிதி ஐப்பசியில், தீபாவளிக்கு முன் நிகழ்கிறது. ஏரியும் அறுவடையும் அங்கே பொருட்டல்ல. இரவு முழுதும் ஆடும் கூத்துத் தொடரும் இல்லை. ஆயின் அதற்கு முந்தைய வாரங்களில் பாரத வாசிப்பும், கதை நிகழ்ச்சிகளை ஒட்டிய சடங்குகளும் வரிசை பிறழாமல் நிகழ்கின்றன. கடல் கடந்து சென்றது கதையின் வரிசையும் நெருப்பும்.

செங்கல்பட்டில் நேர்வது இதற்கு மாறானது. இங்கே நெருப்பும் கூத்தும் நிற்க, வரிசை தளர்கிறது. சில ஊர்களில் விழா பத்து நாட்களுக்குள் அடக்கப்படுகிறது. அப்போது குறைக்கப்படுபவை பிரசங்கம் மட்டும் நடக்கும் தொடக்க நாட்களே. மறைமலைநகர், மகேந்திரா சிட்டி, சிறுசேரி என்று தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பெருகிய மாவட்டத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பந்தலில் அமரக்கூடியவர் யார்? முதியோர், வீட்டில் உள்ள பெண்கள், விடுமுறையில் உள்ள சிறுவர். இரவுக் கூத்துக்கு வேலை முடித்து வரலாம். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் படுகளமும் தீமிதியும் காணலாம். பதினெட்டு நாள் பிற்பகல்களுக்கு விடுப்பு இல்லை. ஒலிபெருக்கி இக்குறையை ஓரளவு மறைக்கிறது. பந்தலில் இருபது பேர் இருக்க, கதை வீடுகளுக்குள் போய்க்கொண்டிருக்கும். நான் அமர்ந்து கேட்ட பிரசங்கங்கள் சிலவற்றில் பேசுபவரின் பார்வை கூட்டத்தின் மீதன்றி ஒலிபெருக்கி கட்டிய புளியமரத்தின் மீதே இருந்தது.

நாட்கள் குறையும்போது இழப்பு சமமாக நிகழ்வதில்லை. சடங்கு உள்ள பகுதிகளான திருமணம், தபசு, அரவான் களபலி ஆகியன எவ்வகையிலும் தங்கிவிடும். சடங்கில்லாத பகுதிகள்தாம் போகின்றன: வனவாசக் கிளைக்கதைகள், தூதுக்கு முந்தைய சபை விவாதங்கள், விதுரன் பேச்சு. போர் ஏன் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று ஊர் உட்கார்ந்து கேட்ட பகுதிகள் அவை. கூத்துக் கலைஞருக்குக் குறைந்த அளவிலேனும் விருது, பயிற்சிப்பள்ளி, ஆவணப்படம் என்பன வாய்த்துள்ளன. பிரசங்கியின் பெயர் அழைப்பிதழில் மட்டும் உள்ளது.

அந்த அழைப்பிதழ்களையேனும் தொகுப்பது உடனடித் தேவை. விழா நாட்களின் எண்ணிக்கை, பிரசங்கம் தொடங்கிய நாள், கூத்து தொடங்கிய நாள், அன்றன்று சொல்லப்பட்ட பகுதி, பிரசங்கி, பின்பாட்டுக்காரர், குழு, உபயதாரர் என அனைத்தும் ஒரே தாளில் உள்ளன. விழா முடிந்ததும் அத்தாள் கழித்துப்போடப்படுகிறது. நூலகங்கள் இவற்றைச் சேர்ப்பதில்லை. ஆனால் மதுராந்தகம், செங்கல்பட்டு போன்ற நகரங்களின் சிறு அச்சகங்களிலும், தருமகர்த்தாக்களின் வீட்டுப் பெட்டிகளிலும், பிரசங்கிகளிடமும் பழைய படிகள் கிடைக்க வாய்ப்புண்டு. ஒரே கோயிலின் முப்பது ஆண்டு அழைப்பிதழ்கள் கிடைத்தால், எந்தப் பருவம் எந்த ஆண்டில் விடுபட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வன பருவத்திலிருந்து தொடங்கலாம்.