கத்தியும் செக்ரோலும்

1876ஆம் ஆண்டு, பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரத் தோட்டத்தை அடைந்தன. சில பத்தாண்டுகளுக்குள் கரவனெல்லச் சுற்றுப்புறத்து மலைச்சரிவுகளும் இறப்பர்த் தோட்டங்களாயின.

துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் படிவரிசையும், பிரட்டுக்களமும், செக்ரோலும் பல நூறு கைகளை ஒரே வேளையில் இயக்கின. அதன் ஆற்றலை மறுப்பதற்கில்லை. தொழிலாளியின் கைத்திறனை ஆராய்ந்து, விதியாக்கி, நிருவாகத்திடம் ஒப்படைக்க வேண்டுமென அமெரிக்கரான பிரெடெரிக் டெய்லர் 1911இல் நூலெழுதினார். நம் தோட்டங்களிலோ மரக்கணக்கும் இறாத்தல் கணக்கும் விதிக்குள் அடங்கின. வெட்டின் ஆழம் அடங்கவில்லை.

பால்நாளங்கள் உட்பட்டையிலேதான் செறிந்துள்ளன. அதற்கும் உள்ளே, பட்டையை மீண்டும் வளர்க்கும் மெல்லிய படை ஒன்றுண்டு. கத்தி அதனைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இப்பால் நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிஞ்சினால் மரம் காயப்பட்டு முண்டு விழும். அதிகாலை மங்கலிலே, மரத்துக்கு மரம் தடிப்பு வேறுபடும் பட்டையில், அந்த அளவை அறிவது பால்வெட்டுகிறவரின் மணிக்கட்டு ஒன்றே. வெட்டைப் பார்வையிட ஆள் வருவதுண்டு. வெட்டிய பின்னர்தான் வருவார்!

நிறைக்கேற்பக் கூலி கூடினால் ஆழவெட்டும் ஆசையும் கூடும். அதன் கேடு, புதுப்பட்டை மறுபடி வெட்டுக்கு வரும் ஆண்டுகளிலேயே வெளிப்படும். அதற்குள் துரை வேறு தோட்டத்துக்கு மாறியிருப்பார்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பால்வெட்டுகிறவரோ அதே கத்தியைத் தீட்டிக்கொண்டு, இருள் விலகுமுன் தம் நிரைக்குச் சென்றார்.