யுபிக்விட்டின்

லத்தீனில் 'உபிக்வே' என்றால் 'எங்கும்'. 1975-இல் கிடியன் கோல்ட்ஸ்டைன் குழுவினர் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த இந்தச் சிறு புரதம், தேடிய உயிர்களிலெல்லாம் தென்படவே, இப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். கொஞ்சம் அவசரப்பட்ட பெயர்தான். பாக்டீரியாக்களில் பொதுவாக இது கிடையாது. உட்கரு கொண்ட உயிர்களில் உண்டு. மொத்தம் 76 அமினோ அமிலங்கள். ஈஸ்ட்டுக்கும் மனிதனுக்கும் இடையே அவற்றில் மூன்றுதான் வேறு!

ஒரு புரதம் இனி வேண்டாம் என்றானதும், செல்லிலுள்ள நொதிகள் அதன்மேல் யுபிக்விட்டினை ஒட்டுகின்றன. ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி நீண்டதும், புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவ அமைப்பு அந்தப் புரதத்தை உள்ளே இழுத்துத் துண்டுதுண்டாக்குகிறது. யுபிக்விட்டின் மட்டும் கழன்று மறுபடி வேலைக்கு வந்துவிடும். செல் பிரிதலை முடுக்கும் சைக்ளின்-பி இப்படித்தான் உரிய நேரத்தில் ஒழிகிறது. ஒழியாவிட்டால் பிரிதல் முடியாமல் இழுத்துக்கொண்டே நிற்கும்.

ஒட்டினாலே மரண ஓலை என்று எண்ண வேண்டாம். சங்கிலியை வேறு விதமாகக் கோத்தால், அதே யுபிக்விட்டின் டிஎன்ஏ பழுதான இடத்துக்குச் சீர்செய்யும் புரதங்களை அழைக்கும். அழிக்கும் வழியைக் கண்டறிந்த சீச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.