நிறைஞ்ச மெமரியும் இஸ்தோப்பு விறகும்

நம்ம பக்கத்துல வரலாறு என்றாலே 1948, 1964 என்றுதான் தொடங்கும். இது வேற வரலாறு. ஆனா இதுலயும் இடம் பத்தாததுதான் கதை.

போன மழைக்காலம் ஹட்டன் பக்கத்துல எங்க லயத்துல இருந்து ஆய்வுக் கட்டுரை எழுதிக்கிட்டிருந்தேன். 4 ஜீபி ரெம் உள்ள பழைய லெப்டொப், அதுல உபுண்டு. திடீர் திடீரென்று உறைஞ்சிடும், மவுஸ்கூட அசையாது. ஒருநாள் காலையில டெர்மினலைத் திறந்து ‘ஃப்ரீ’ கட்டளையை அடிச்சுப் பார்த்தேன். மொத்தம் 3.7 ஜீபி, பாவனையில 1.9, ஃப்ரீ என்ற இடத்துல வெறும் 0.2. மெமரி முடிஞ்சுபோச்சு என்று நினைச்சேன். அம்மா கொழுந்துச் சம்பளத்துல கட்டின சீட்டுக் காசை எடுத்து, “டவுனுக்குப் போய் வாங்கிக்க” என்றாங்க.

அந்தக் காசைக் கையில வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல. இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தேடினேன்.

1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொம் கில்பர்னின் குழு அட்லஸ் என்ற கணினியை இயக்கிக் காட்டியது. அன்றைக்கு வேகமான மெமரிக்கு யானை விலை. அதனால் உடனே தேவைப்படாத பக்கங்களை மெதுவான காந்த உருளைக்கு அனுப்பிவிட்டு, வேண்டியபோது திரும்ப எடுத்தார்கள். இன்றைய சுவாப்புக்கு அதுதான் பாட்டன். இதில் ஒரு சிக்கலும் உண்டு. உடனே தேவையான பக்கங்களே மெமரிக்குள் கொள்ளாவிட்டால், கணினி வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். ‘த்ராஷிங்’ எனப்படும் இந்த நிலைக்கான காரணத்தை 1968இல் பீட்டர் டெனிங் விளக்கினார். என் லெப்டொப் உறைஞ்சதும் இதனாலதான்.

1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியபோது அவருடைய கணினியில் இருந்தது 4 எம்பி. ஜெர்மனியில் ஒருவரிடம் 2 எம்பிதான். அவரால் கம்பைல் பண்ண முடியவில்லை. அந்த நத்தார் காலத்தில் லினஸ், டிஸ்கையும் மெமரி போலப் பயன்படுத்தும் வசதியைச் சேர்த்தார். லினக்ஸுக்கு சுவாப் வந்ததே இல்லாதவர் ஒருவருக்காகத்தான்.

சரி, அந்த 0.2? எங்க இஸ்தோப்புல, அதாவது லயத்து முன் திண்ணையில, எப்பவும் விறகு அடுக்கியிருக்கும். யாராவது வந்தா ஒதுக்கிட்டு இடம் குடுப்போம். லினக்ஸும் சும்மா கிடக்கிற மெமரியில, வாசிச்ச ஃபைல்களைக் கேஷாக அடுக்கி வைக்குது. ஒரு புரோகிராம் கேட்டா ஒதுக்கிக் குடுக்குது. இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் இல்ல. அதனாலதான் 2014இல் ‘அவெய்லபிள்’ என்ற கணக்கைக் கேர்னலில் சேர்த்தார்கள். என் திரையிலேயும் கடைசிப் பத்தியில அது இருந்துச்சு: 1.5 ஜீபி. நான்தான் பார்க்கல.

அடுத்த தடவை லெப்டொப் இழுபடத் தொடங்கினப்பவே பார்த்தேன். அவெய்லபிள் 0.1, சுவாப் நிறைஞ்சு போயிருந்துச்சு. இதுதான் உண்மையான தட்டுப்பாடு. ‘டொப்’ கட்டளையைத் திறந்து, ஷிஃப்ட்டோட எம் விசையை அழுத்தினா மெமரியை அதிகம் எடுக்கிறவங்க மேல வருவாங்க. எனக்கு வந்தது பிரவுசர்: நாற்பது டேப், அதுல பாதி ஸ்கேன் பண்ணின பழைய பத்திரிகைகள். அதுகளை இறக்கி வச்சுக்கிட்டு டேப்களை மூடினேன். உறையறது நின்னுச்சு.

நீங்களும் முதல்ல அவெய்லபிளைப் பாருங்க, பிறகு சுவாப்பை. ரெண்டும் நல்லா இருந்தா கோளாறு வேற எங்கயோ. ஒன்றும் செய்யாமலே ஒரு புரோகிராம் மட்டும் நாளுக்கு நாள் வீங்கினா, அது மெமரி கசிவா இருக்கலாம்; அதை மூடித் திறங்க, அப்டேட் பண்ணுங்க. ஒரு புரோகிராம் தானா மூடினா, கேர்னல் இடத்துக்காக அதைப் பலி குடுத்திருக்கலாம். கேர்னலோட பதிவுகள்ல அது எழுதியிருக்கும். பழைய லெப்டொப்புக்கு, பக்கங்களைச் சுருக்கி ரெம்முக்குள்ளேயே வைக்கிற ஸெட்-ரம்மும் உதவும்.

நாற்பது டேப்பும் திறந்தே இருக்கணும் என்றா ரெம் வாங்கத்தான் வேணும். எனக்கு அது தேவைப்படல. சீட்டுக் காசை அம்மாகிட்டயே குடுத்துட்டேன்.