வானொலிப் பெட்டியும் அரக்கும்

சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும் தோன்றின. பிழைப்பை நாடி அடுகோடி போன்ற பகுதிகளிற் குடியேறிய தமிழருக்கு அந்நிலையங்களும் இலங்கை வானொலியும் தாய்மொழியின் ஓசையை நல்கின. அவ்வோசை பிறந்த பெட்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

அவை மரத்தாலும் பேக்கலைட்டாலும் ஆனவை. நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் ஈனும் அரக்குக்கு மாற்றுப் பொருள் தேடிய பேக்லண்டு என்னும் அறிஞர், 1907-இல் அமெரிக்காவிற் பேக்கலைட்டைக் கண்டார். ஆயினும் அரக்கு அழிந்துவிடவில்லை. மைசூர்ச் சாலையிலுள்ள சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு நிறமூட்டுவது அதுவே. மரப்பெட்டியின் வெடிப்பிலும் நிறமூட்டிய அரக்கையே உருக்கி நிரப்புவர்.

பேக்கலைட்டோ ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. ஆதலின், அதன் வெடிப்பை எபாக்சிப் பசையில் வண்ணப்பொடி குழைத்து அடைத்தல் வேண்டும். ஒளியாலும் காலத்தாலும் பெட்டி கருத்திருக்கும். புதுப்பெட்டியின் நிறம் அதற்குப் பொருந்தாது. எனவே கலவையைத் தனியே உலரவிட்டுப் பகலொளியில் ஒப்பிட்ட பின்னரே பூசுதல் நன்று. சில பழைய பேக்கலைட்டிற் கல்நார் கலந்திருத்தலால், நீர் தொட்டே தேய்க்க வேண்டும்.

வெடிப்பை மறைக்கப் பெட்டி முழுவதும் சாயம் பூசுவோர் உளர். அப்போது வெடிப்போடு, முன்னோர் கைபட்டு முதிர்ந்த நிறமும் மறைகிறது. பழுதை மட்டும் நீக்கிப் பழமையைப் பேணுவோமாக!