அவளை என்ன பெயர் சொல்லி அழைப்பது?



சில மாதங்களுக்கு முன்பு, குற்றாலத்துக்குப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். முதல் குழந்தை, பெண். "ஊருல யாருக்கும் இல்லாத பேரா ஒண்ணு சொல்லுங்க தோழர். நடுப்பேரும் ஒண்ணு வைக்கணும்னு இருக்கோம்" என்றார் தகப்பன். கூட வந்திருந்த பாட்டிக்கு அதில் விருப்பமில்லை. "வாயில நுழையாத பேர வச்சா நாலு பேரு எப்படிய்யா கூப்புடுவாங்க?" என்றார். அந்த இரண்டு பேச்சுக்கும் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. இன்றைய உரைக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

பெயர் வைப்பது வீட்டு விஷயம் என்று நினைக்கிறோம். மனுநீதி அப்படி நினைக்கவில்லை. அதன் இரண்டாம் அத்தியாயம் பெயருக்கும் சட்டம் போடுகிறது. பிராமணன் பெயரில் மங்கலம், சத்திரியன் பெயரில் வலிமை, வைசியன் பெயரில் செல்வம், சூத்திரன் பெயரில் இழிவு இருக்க வேண்டும் என்கிறது. பெண்ணுக்குத் தனி விதி: உச்சரிக்க எளிதாக, கடுமை இல்லாமல், கேட்க இனிமையாக இருக்க வேண்டும். ஆணின் பெயர் அவனுடைய இடத்தைச் சொல்ல வேண்டும். பெண்ணின் பெயர் கூப்பிடுகிறவனுக்கு வசதியாக இருக்க வேண்டும். வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

ஏட்டில் இருந்தது தெருவில் எப்படி நடந்தது? தென்காசிப் பக்கத்தில் நம் பாட்டிமார் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மாடத்தி, பேச்சி, இசக்கி, கருப்பாயி. இவை இழிவான பெயர்கள் அல்ல. சுடலைமாடனும் பேச்சியம்மனும் இசக்கியம்மனும் நம் தெய்வங்கள். இழிவு கூப்பிட்ட விதத்தில் இருந்தது. பேரன் வயதுப் பையன் வரப்பில் நின்று, "ஏட்டி மாடத்தி" என்பான். முத்துலட்சுமி என்று வைத்தால் அது 'முத்தி' ஆகும். 'அம்மாள்' என்ற ஒட்டு நம் பெண்களின் பெயரில் நிலைக்கவிடப்படவில்லை. ஆணை எதிர்பார்த்த வீட்டில் அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்தார்கள். சாதி வெளியிலிருந்து குறைத்ததை ஆணாதிக்கம் வீட்டுக்குள்ளிருந்து குறைத்தது.

இலக்கியமும் இதற்கு விலக்கல்ல. இதே மண்ணில், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தாடும் தலைவிக்கு வசந்தவல்லி என்று பூத்த பெயர். மலையின் வளத்தையெல்லாம் அறிந்து சொல்கிற, கைபார்த்துக் குறி சொல்கிற உழைப்பாளிப் பெண்ணுக்குச் சிங்கி என்று பெயர். சிங்கனின் மனைவி, அதனால் சிங்கி. அந்த நூலின் உயிரே அவள்தான். ஆனாலும் கணவனின் பெயரைத் திருப்பிப் போட்டதுதான் அவளுக்குக் கிடைத்தது.

இந்த வரிசையை உடைத்தவர்களில் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர். அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அவருடைய பிள்ளைகளின் பெயர்களில் அவர் நடந்த பாதை தெரிகிறது. பட்டாபிராமன், ஜானகிராமன் என்று மகன்களுக்கு வைணவப் பெயர்கள். ஒரு மகளுக்கு மாயாதேவி. அது புத்தரைப் பெற்ற தாயின் பெயர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவரின் சிந்தனை மகளின் பெயரிலும் இருக்கிறது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த வால் அறுந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் விட்டது பெருமைக்காகச் சேர்த்துக்கொண்ட வால். நம்மிடம் விடுவதற்கு அப்படி எதுவும் இல்லை. நம்முடைய சாதியை முதல் பெயரிலேயே தேடினார்கள். அதனால் அவர்கள் கடைசிப் பெயரை விட்டபோது, நாம் முதல் பெயரை மாற்ற வேண்டியிருந்தது.

மாற்றினால் போதுமா? 1936 மே மாத இறுதியில் மும்பையில் நடந்த மகார் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். இந்து மதத்துக்குள் இருந்துகொண்டு சொக்கமேளா என்றோ அரிசன் என்றோ பெயரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை என்றார். மதமாற்றமும் ஒருவகையில் பெயர் மாற்றமே, ஆனால் அது பழைய அடையாளத்தை அறுக்கிற பெயர் மாற்றம் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தின் பொருளைத் தென்காசி வட்டாரம் கண்ணால் பார்த்தது. 1981 பிப்ரவரி 19 அன்று மீனாட்சிபுரத்தில் ஏறக்குறைய 180 தலித் குடும்பங்கள் இசுலாத்தை ஏற்றன. ஆணும் பெண்ணும் குழந்தையும் புதுப்பெயர் பெற்றார்கள். ஊருக்கே ரஹ்மத் நகர் என்று பெயரிட்டார்கள். தில்லி அதிர்ந்தது, தலைவர்கள் படையெடுத்து வந்தார்கள். அத்தனை காலம் அந்த மக்கள் எப்படி அழைக்கப்பட்டார்கள் என்று விசாரிக்க வராதவர்கள், இனி எப்படி அழைக்கப்படுவார்கள் என்று விசாரிக்க வந்தார்கள்.

புதுப்பெயருக்கு விலையும் உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும்தான் பட்டியல் சாதித் தகுதியைத் தருகிறது. இசுலாத்துக்கோ கிறித்துவத்துக்கோ போனவர் அதை இழக்கிறார். அதனால்தான் நெல்லைச் சீமையில் எத்தனையோ பெண்களுக்கு இரண்டு பெயர்கள். கோயிலில் எஸ்தர், சான்றிதழில் செல்வி. நடுப்பெயர் என்பது சிலருக்கு அழகு. நம் பெண்களுக்கு அது மறைத்து வைத்த முதல் பெயர்.

இப்போது தோழர்கள் கேட்ட நடுப்பெயருக்கு வருகிறேன். மராட்டியத்தில் தந்தையின் பெயர் நடுவில் நிற்கும். பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் என்பதில் ராம்ஜி அவருடைய தந்தை. 2018இல் உத்தரப் பிரதேச அரசு, தன் ஆவணங்களில் அந்த நடுப்பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும் என்று உத்தரவிட்டபோது, அந்த 'ராம்' எதற்காக அழுத்தப்படுகிறது என்று அம்பேத்கரியர்கள் கேட்டார்கள். நடுப்பெயரிலும் அரசியல் இருக்கிறது.

தமிழ்நாட்டில் தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாகி முன்னால் நிற்கிறது. அது சாதி வாலை விலக்க உதவியது, நல்லதுதான். ஆனால் அந்த எழுத்தில் தாய் இல்லை. நாற்று நட்டு, பீடி சுற்றி, கூலி சேர்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவளின் பெயருக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. எனவே நடுப்பெயர் வேண்டுமென்றால் தாயின் பெயரையோ பாட்டியின் பெயரையோ முழுதாக வையுங்கள் என்பதே என் பரிந்துரை.

அவசரப்படவும் தேவையில்லை. குழந்தையின் பெயரைக் குறிப்பிடாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை இடமுண்டு. ஆனால் ஒருமுறை பதிந்ததை மாற்றுவது கடினம். எழுத்துக்கூட்டலைப் பெற்றோரே எழுதிக் கொடுங்கள். அலுவலரின் காதை நம்பாதீர்கள். என் அக்காவுக்கு அப்பா ஆசையாக வைத்த பெயரை, பள்ளியில் சேர்த்த அன்று, "உங்க பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்டு ஓர் ஆசிரியர் பாதியாக்கி எழுதினார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்கா கடைசிவரை பாதிப் பெயரோடுதான் இருந்தாள்.

பெயர் மட்டும் சாதியை ஒழிக்காது. பெயரைக் கேட்டுச் சாதி தெரியாதபோது, "எந்தத் தெரு?" என்பார்கள். 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில்தான் அறிவித்தது. ஆனால் பெயர் அவர்களை உறுத்துகிறது. மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தில் காவல் அதிகாரியின் வெறி, இந்த ஊர்க்காரர்களுக்கு ராசாக்களின் பெயரா என்பதிலிருந்துதானே எழுகிறது?

அன்று பாட்டியிடம் அவருடைய பெயரைக் கேட்டேன். "மாடத்தி" என்றார், குரலைத் தாழ்த்தி. பேத்திக்கு நடுப்பெயராக அதை வைக்கலாமா என்றேன். "அந்தப் பேரு என்னோட போவட்டும்யா" என்றார். அவருடைய மகள், குழந்தையின் தாய், ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் உன்ன ஏட்டின்னுதாம்மா கூப்பிட்டாங்க. இவ பேர முழுசாச் சொல்லும்போது உன் பேரையும் சேத்துத்தான் சொல்லணும்" என்றார்.

முதல் பெயரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயர். நடுவில் மாடத்தி. பாட்டிக்கு அது வாயில் நுழையச் சில நாள் ஆகியிருக்கும். தோழர்களே, ஊராருக்கும் ஆகட்டும். இந்த முறை அவர்கள் பழகிக்கொள்ளட்டும்.