சிறையில் கேட்ட ஹீப்ரு

காசா என்றதும் நாம் இறந்தவர்களின் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். உயிரோடு மிஞ்சியவர்களின் மனம் என்ன ஆனது என்று கேட்பது குறைவு. அந்தக் கேள்வியையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு மருத்துவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் இயாத் அல் சர்ராஜ்.

பீர்ஷெபாவில் பிறந்தவர். 1948 நக்பாவில் லட்சக்கணக்கானோர் துரத்தப்பட்டபோது, அவருடைய குடும்பமும் காசாவுக்கு அகதியாக வந்தது. அப்போது அவர் சிறு குழந்தை. பின்னர் மருத்துவம் படித்து, மனநல மருத்துவராகக் காசாவுக்கே திரும்பினார். அகதி முகாம்களில் 1950 முதலே ஐ.நா.வின் நிவாரண அமைப்பு மருந்தகங்களை நடத்தியது. 1968இல் பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கம் உருவானது. உடல் காயத்துக்குக் கட்டுப்போட ஆட்கள் இருந்தார்கள். மனக்காயத்தோடு ஒருவர் வந்தால் 'பைத்தியம்' என்ற பட்டம்தான் காத்திருந்தது.

1987இல் முதல் இன்டிஃபாதா வெடித்தது. நள்ளிரவில் ராணுவம் வீடு புகும். பிள்ளைகளின் கண்ணெதிரே அப்பாவை அடிக்கும். தன்னைக் காக்க வேண்டிய மனிதர் கையாலாகாமல் நிற்பதைப் பார்த்த குழந்தை என்னவாக வளரும்? சர்ராஜை உலுக்கிய கேள்வி இதுதான். 1990இல் அவர் காசா சமூக மனநலத் திட்டத்தைத் தொடங்கினார். குழந்தைகளோடு, சித்திரவதைக்கு உள்ளாகிச் சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கும் அங்கே சிகிச்சை கிடைத்தது.

1994இல் பாலஸ்தீன அதிகார சபை காசாவுக்கு வந்தது. இனி நம் ஆட்சி என்று மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்த ஆட்சியின் சிறைகளிலும் சித்திரவதை நடந்தது. சர்ராஜ் அதை வெளிப்படையாகச் சொன்னார். 1996இல் சொந்த அரசே அவரைக் கைது செய்தது. காவலில் அடியும் வாங்கினார்.

ஒருநாள் பாலஸ்தீன அதிகாரி ஒருவர் கைதியை விசாரிப்பது அவர் காதில் விழுந்தது. குரல் உயர்ந்துகொண்டே போனது. திடீரென்று அந்த அதிகாரி ஹீப்ருவில் கத்தத் தொடங்கினார். இஸ்ரேலியச் சிறைகளில் தன்னை வதைத்தவர்களின் மொழி அது. அடித்தவனின் பலத்தை அடிபட்டவன் தனக்குள் ஏற்றிக்கொள்வதை சர்ராஜ் அந்தக் குரலில் கண்டுகொண்டார்.

'இதையெல்லாம் பேசினால் எதிரிக்கு லாபம்' என்று நம்மில் சிலருக்கே தோன்றலாம். சர்ராஜ் அப்படிப் பார்க்கவில்லை. ஆக்கிரமிப்பு மனிதனுக்குள் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? விடுதலையான பிறகும் இரண்டு பக்கத்தையும் விமர்சித்தார். 2013இல் இறக்கும்வரை அதை விடவில்லை.

அதிர்ச்சிக்குப் 'பிந்தைய' மன உளைச்சல் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எங்களுக்கு அந்தப் 'பின்' எப்போது வந்தது என்று கேட்கிறார் இன்னொரு பாலஸ்தீன மனநல மருத்துவரான சமாஹ் ஜபர். 2025 மார்ச் 23 அன்று ரஃபாவில் 15 மீட்புப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் செம்பிறைச் சங்கத்தினர். ஒரு வாரம் கழித்து மணலைத் தோண்டி அந்த உடல்களை எடுத்தவர்களில் அவர்களோடு வேலை செய்தவர்களும் இருந்தார்கள்.